கோல் காப்பாளரின் ஞாயிறு டீன்ஸ்ட்

புதிதாக விசில் வாங்கியிருக்கும் உங்களுக்கு,

கல்லூரி அணிகளைப் பயிற்றுவிக்க வந்திருக்கும் இளையவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் என் அணியின் பெயரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஐம்பத்தேழு வயது, இடது முழங்காலில் கொஞ்சம் உலோகம், இடுப்பைச் சுற்றிப் பல வருடத்துப் பிறந்தநாள் விழாக்களில் தின்ற றோல்ஸ். ஓடுகிற எதையும் பயிற்றுவிக்கக்கூடிய தோற்றம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என் தோற்றத்துக்குச் சதுரங்க அணிதான் பொருத்தம். அதிலும் மாற்று ஆட்டக்காரராக.

கூம்புகளை எந்த இடைவெளியில் வைப்பது, மூலை உதைக்கு யார் எங்கே நிற்பது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவற்றையெல்லாம் உங்களுக்குப் படம் போட்டே கற்பித்திருப்பார்கள். படத்தில் வராத சில தருணங்கள் உண்டு. எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், உங்கள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்ற தருணங்கள். எனக்குச் சொல்ல இருப்பவை அவை மட்டும்தான்.

முதலில் அணியைப் பற்றி. சுவிஸில், பாசல் நகரில், பராமரிப்புத் தொழில் கற்பிக்கும் ஒரு கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி. பிள்ளைகள் வாரத்தில் சில நாள் வகுப்பில் இருப்பார்கள். மற்ற நாட்களில் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் பயிலுநராக வேலை செய்வார்கள். மூன்று வருடப் படிப்பு. அப்படியான ஒரு முதியோர் இல்லத்தில் நான் பல காலமாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய விளையாட்டு, கையில் வரைபடத்தோடு காட்டுக்குள் ஓடுவது. பந்து என்ற பொருள் அந்த வரைபடத்தில் இல்லை. பெண்கள் அணி ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்தபோது, ஒரு விருந்தில் வைன் கிளாசைப் பிடித்தபடி அவர் என்னிடம் கேட்டார்: "நீங்கள் ஊரில் விளையாடியிருக்கிறீர்களா?"

பள்ளிக்கூட அணியில் இருந்தேன் என்றேன். அது உண்மை. அணியின் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். அணியில் எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரமே திடலில் நின்றேன். பதின்மூன்று பிள்ளைகள் வந்தார்கள். கொசோவோ, போர்த்துக்கல், எரித்திரியா, இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், மிச்சம் சுவிஸ். தமிழ்ப் பிள்ளைகள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். பயிற்றுநருக்குத் தமிழில் உள்ள பட்டம் அதுதான் என்று மற்றவர்கள் நம்பிவிட்டார்கள். கொசோவோக்காரி ஆர்த்தா, எங்கள் அணித் தலைவி, மத்தியஸ்தரிடம் "எங்கள் அங்கிளோடு கதையுங்கள்" என்று மிக மரியாதையாகச் சொல்வாள். நான் திருத்தவில்லை. வாழ்க்கையில் வேறு பட்டம் கிடைக்கவில்லை.

கோல் காப்பாளராக நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. உயரத்தின் வரிசையில் கேட்டுக்கொண்டே வந்தேன். உயரமானவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் நிதுஷாவிடம் வந்தேன். அணியிலேயே கட்டையானவர்களில் ஒருத்தி.

"நீ நிப்பியோ பிள்ளை?"

"ஓம் அங்கிள்."

பிறகுதான் தெரிந்தது, நிதுஷா எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்கிற பிள்ளை. பெரியவர்கள் கேட்டால் மறுக்கத் தெரியாது, அப்படி வளர்த்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா ஒரு நாள் என்னைத் தேடி வந்து கேட்டார்: "அண்ணை, கோல் காக்கிறதெண்டா கனக்க ஓடத் தேவையில்லையெல்லோ?"

"இல்லை."

"அப்ப படிப்பு குழம்பாது. நல்லது."

உதைபந்தாட்டக் கோட்பாடு குறித்து இதைவிடத் தெளிவான கருத்தை நான் நூலகத்தில் எடுத்த எந்தத் தடித்த புத்தகத்திலும் படிக்கவில்லை.

முதல் ஆட்டம் சூரிச்சில், ஓர்லிகோனில், ஒரு வணிகக் கல்லூரியின் அணியோடு. பதினொன்றுக்குப் பூச்சியம். பதினொன்று அவர்கள். பழைய காலத்தில் தோற்ற அரசர்கள் வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிர் விட்டார்களாம். பாசலில் இருப்பவனுக்கு அந்த வசதியும் இல்லை. எங்களுக்கு வடக்கே இருப்பது ஜெர்மனி. நம்மாட்கள் சனிக்கிழமைகளில் மலிவாகக் கோழி வாங்கப் போகிற திசை. அங்கே பார்த்து உட்கார்ந்தால் பசிதான் கூடும்.

அந்த ஆட்டம் முழுக்க நான் கத்தினேன். கோட்டோரமாக மேலும் கீழும் நடந்து, கையை வீசி, தொண்டை கிழிய. எதிரணியின் பயிற்றுநர் என் வயதுடைய ஒரு பெண்மணி. இரண்டு கைகளையும் பைக்குள் விட்டபடி, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நின்றார். ஆட்டம் முடிந்ததும் கை கொடுக்க வந்தார்.

"நிறையக் கத்துகிறீர்கள். அது எந்த மொழி?"

"தமிழ்."

"உங்கள் அணியில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும்?"

"இரண்டு பேருக்கு."

"கோல் காப்பாளருக்கு?"

"தெரியும்."

"பாவம்" என்றார். "நீங்கள் கத்தும்போதெல்லாம் அவள் மட்டும்தான் உங்களைத் திரும்பிப் பார்த்தாள். பதினொன்றில் மூன்று கோல் அவள் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனவை."

நல்ல விமர்சனம் என்பது இதுதான். உங்கள் குணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மூன்று கோல், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கும்போது ஒரு எலுமிச்சை டொஃபியை வாயில் போட்டுக்கொள்வேன். கத்த வேண்டும் போல இருந்தால் அதைக் கடிப்பேன். இந்த விளையாட்டு எனக்குச் செய்த உடற்சேதம் முழுவதும் பல்லில்தான். புதியவர்களே, நீங்கள் சொல்ல நினைப்பது சரியா பிழையா என்பது இரண்டாவது கேள்வி. அதைக் கேட்பதற்காக ஒரு பிள்ளை பந்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டுமா என்பதே முதல் கேள்வி.

திரும்பி வரும் ரயிலில் நிதுஷா எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

"அங்கிள், அடுத்த மட்சுக்கும் நான்தானோ கீப்பர்?"

"ஏன், விருப்பமில்லையோ?"

"விருப்பமோ எண்டு ஆரும் கேக்கேல்லையே."

"இப்ப கேக்கிறன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தாள். "நாலு பந்து பிடிச்சனான். அதை ஒருத்தரும் எண்ணேல்லை."

"நான் எண்ணினனான்."

நான் எண்ணவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவுடன் எண்ணியவனாகிவிட்டேன். அவளும் நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் சிரித்தாள். "அப்ப நிக்கிறன்" என்றாள். அந்தப் பிள்ளை ஓம் என்று சொல்லாமல் தானாக ஒரு விருப்பத்தைச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. பந்து பிடிப்பது அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது.

இரண்டாம் வருடத்தில் எங்கள் அணி அணியாக மாறியது. அதற்கு நான் செய்த பங்களிப்பு, தொண்டை கட்டிக்கொண்டதுதான். கார்த்திகை மாதக் குளிரில் எனக்குக் காய்ச்சல். அதே ஓர்லிகோன் அணி பாசலுக்கு வந்திருந்தது. இடைவேளையில் ஒன்றுக்குப் பூச்சியம் என்று பின்தங்கியிருந்தோம். உடை மாற்றும் அறையில் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் காலை டீன்ஸ்டை, அதாவது காலை வேலைமுறையை, முடித்துவிட்டு நேரே வந்தவர்கள், விடியுமுன் எழும்பியவர்கள். முதல் நாளே ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். அதில் உவமைகள் இருந்தன. ஒரு கோட்டை இருந்தது, அகழி இருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்ன தருணம் அதுதான். எழுதிக் காட்டலாமா என்று யோசித்தேன். விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். அவர் வடக்கு எது என்று சரியாகச் சொல்வார், வேறு உதவி கிடையாது. கடைசியில் கையை விரித்து, "நீங்களே சொல்லுங்கள்" என்று சைகை காட்டினேன்.

ஆர்த்தா எழும்பினாள். "சரி. அப்போ ரப்போர்ட் செய்வோம்."

முதியோர் இல்லத்தில் வேலை செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு டீன்ஸ்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்போது, போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு முதியவரைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுதான் ரப்போர்ட். என்ன மாறியிருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வசனம். கண்டதைச் சொல்லலாம், அபிப்பிராயம் சொல்லக்கூடாது. "அவர் கோபக்காரர்" என்று சொல்லக்கூடாது. "மத்தியானம் கோப்பையைத் தள்ளிவிட்டார்" என்று சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் அதைத் தினமும் செய்கிறவர்கள்.

"என்னுடைய ஏழாம் இலக்கம்" என்று ஆர்த்தா, தான் காவல் நின்ற எதிரணிக்காரியைப் பற்றித் தொடங்கினாள். "முதலில் இரண்டு பக்கமும் ஓடினாள். இப்போது வலது பக்கம் மட்டும். இடது காலை வைக்கும்போது உதட்டைக் கடிக்கிறாள்."

"என்னுடைய நாலாம் இலக்கம் பந்து வருமுன் இரண்டு தடவை பின்னால் பார்க்கிறாள். யாரோ ஏசியிருக்க வேண்டும்."

"அது அபிப்பிராயம்."

"சரி. இரண்டு தடவை பின்னால் பார்க்கிறாள்."

நிதுஷாவின் முறை வந்தது. "என்னுடைய ஒன்பதாம் இலக்கம் அடிக்கப்போகும் பக்கத்தை முதல் பார்க்கிறாள். பிறகு உடனே நிலத்தைப் பார்க்கிறாள். நிலத்தைப் பார்த்தால் அடிக்கப்போகிறாள் என்று அர்த்தம்."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என் புத்தகங்களில் எதிரணி என்றால் அம்புக்குறி. இந்தப் பிள்ளைகளோ பேச முடியாத மனிதரின் முகத்தைப் பார்த்து எங்கே நோகிறது என்று கண்டுபிடிக்கப் படிக்கிறவர்கள். பதினொரு எதிராளிகளைப் பதினொரு நோயாளிகளாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் அந்த ஏழாம் இலக்கத்தை இடது பக்கம் ஓடவைத்தே களைக்கப் பண்ணினார்கள். இரண்டுக்கு ஒன்று. வென்றது நாங்கள்.

குரல் திரும்பி வந்த பிறகும் நான் இடைவேளையில் பேசவில்லை. ரப்போர்ட் நிரந்தரமானது. கோட்டையும் அகழியும் இன்னும் என் சட்டைப்பையில் கிடக்கின்றன, யாருக்காவது தேவையென்றால் தரலாம். உங்கள் பிள்ளைகள் பகலில் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். மின்சாரம் படிக்கிறவர்களா, சமையல் படிக்கிறவர்களா, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு முறை இருக்கும். அதைத் திடலுக்குக் கொண்டுவாருங்கள். புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைவிட இது சுலபம், உங்கள் தொண்டைக்கும் நல்லது.

அதன்பின் நாங்கள் ஏறத் தொடங்கினோம். எங்களோடு ஆடுவதை ஓய்வு நாளாக நினைத்த கல்லூரிகள் எங்கள் ஆட்டங்களைப் படம் பிடிக்க ஆள் அனுப்பின. மூன்றாம் வருடம் தொழிற்கல்லூரிகளுக்கான கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்குப் போனோம். நொஷாட்டலில், ஏரிக்கரைத் திடலில், அந்த ஊர்க் கல்லூரியோடு. கிண்ணம் பல வருடமாக அவர்களிடம்தான் இருந்தது. அவர்கள் அதைத் துடைப்பதற்குத் தனியாக ஒரு துணி வைத்திருப்பார்கள் என்று ஆர்த்தா சொல்வாள்.

நிதுஷாவுக்கு அது கடைசி ஆட்டம். கோடையில் படிப்பு முடிகிறது. படிப்பு முடிந்தவர் கல்லூரி அணியில் ஆட முடியாது. மாற்றுக் கோல் காப்பாளர் என்று லேயா இருந்தாள். எல்லாத் திறமையும் உள்ள பிள்ளை. பந்து தன்னை நோக்கி வரும்போது மட்டும் கண்ணை மூடிவிடுவாள்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சனிக்கிழமை மத்தியானம் நிதுஷா தொலைபேசியில் வந்தாள்.

"அங்கிள், நாளைக்கு என்னால வரேலாது."

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?"

"டீன்ஸ்டுக்கு வரச்சொல்லிக் கேட்டவை. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆர் கேட்டது?"

"ஃபிராவ் கெல்லர். ரெண்டு பேருக்கு வயித்துக்குள்ள குழப்பமாம். பின்னேர டீன்ஸ்டுக்கு ஆளில்லையாம்."

நிதுஷா பயிலுநராக இருந்தது நான் வேலை செய்யும் அதே இல்லத்தில், அதே மாடியில். ஃபிராவ் கெல்லர், தமிழில் திருமதி கெல்லர், அந்த மாடியின் பொறுப்பாளர்.

"நாளைக்கு ஃபைனல் எண்டு அவவுக்குச் சொன்னனியோ?"

"அவ கேக்கேல்லை."

"கேக்காட்டிச் சொல்லக்கூடாதோ?"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அங்கிள், ஃபிராவ் ஹூபர் ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லையாம். நான் லீவில நிண்டதாலதானாம். நான் ஊட்டினாத்தான் வாய் திறக்கிறவ. அதைச் சொல்லிக் கேக்க, நான் எப்பிடி மட்ச் எண்டு சொல்லுறது?"

ஃபிராவ் ஹூபர் எங்கள் மாடியின் மூலை அறைக்காரர். தொண்ணூறைத் தாண்டியவர், சிறிய உருவம். இடுப்பு முறிந்து வந்ததிலிருந்து சாப்பாட்டில் விருப்பம் போய்விட்டது. நான் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். கரண்டியோடு என்னைக் கண்டாலே உதட்டை இறுக்கிவிடுவார். நான் பார்த்த தற்காப்பு வரிசைகளில் ஆகச் சிறந்தது.

"உனக்கு ஆட விருப்பமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

"விருப்பம்தான்" என்றாள், அழுதபடி. "ஆனா அவ சாப்பிடோணும்."

தொலைபேசியை வைத்துவிட்டு நான் யோசித்தேன். நிதுஷாவை ஏசலாம், ஏசினால் "ஓம் அங்கிள்" என்று வருவாள், முழு ஆட்டமும் அந்த மூலை அறையைப் பற்றியே நினைத்துக்கொண்டு நிற்பாள். ஃபிராவ் கெல்லரோடு சண்டை பிடிக்கலாம். ஆனால் அவருக்கும் ஆளில்லை, முதியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. லேயாவை நிறுத்தலாம், கண்ணை மூடிக்கொண்டு. யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. ஓர்லிகோன் பெண்மணியை அழைத்தேன். இதற்குள் நாங்கள் நண்பர்களாகிவிட்டோம். அவரை நாங்கள் இரண்டு தடவை தோற்கடித்திருந்தோம், அது நட்புக்கு நல்லது.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "நாளைக்கு உங்களுக்கு லீவா?"

"லீவுதான். அதனால்தான் போட்டிக்குப் போகிறேன்."

"அப்படியானால் உங்கள் இரண்டு பேரில் அந்தத் திடலில் யார் இல்லாவிட்டால் பரவாயில்லை?"

மூன்று வருடம், மழை, பனி, டொஃபி, பல்வைத்தியர். எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் கேள்விக்கு விடை ஒன்றுதான். ஒரு வயதுக்குப் பிறகு, நமக்கு வரும் சரியான யோசனைகள் அவமானமாகத்தான் வருகின்றன போலும்.

ஃபிராவ் கெல்லரை அழைத்து, நிதுஷாவின் டீன்ஸ்டை நான் செய்கிறேன் என்றேன்.

"நீங்கள்தானே அந்த அணியின் பயிற்றுநர்?"

"ஓம்."

"அப்போ போட்டியில் யார் பயிற்றுவிப்பார்?"

"இதுவரைக்கும் யார் பயிற்றுவித்தார் என்றே தெரியவில்லை, ஃபிராவ் கெல்லர்."

அவர் சிரிக்கவில்லை. "போட்டி என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு, "ஃபிராவ் ஹூபர் உங்களிடம் சாப்பிடமாட்டார். தெரியும்தானே?"

"தெரியும்."

நிதுஷாவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். "அவ சாப்பிடாட்டி?"

"சாப்பிடுவா. அது என்ர வேலை. பந்து உன்ர வேலை. நீ என்ர வேலையைப் பாக்காதே."

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு ஆசிரியர் அணியைக் கூட்டிக்கொண்டு நொஷாட்டலுக்கு ரயில் ஏறினார். வழி தவறாது என்ற நிம்மதி எனக்கு இருந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டீன்ஸ்டுக்குப் போனேன். எங்கள் மாடியில் சொந்தத் தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். அதில் ஃபிராவ் கெல்லர் எவருக்கும் சலுகை தருவதில்லை. போட்டி தொடங்கிய நேரத்தில் நான் ஒரு முதியவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்த விரலுக்கே மறுபடியும் வந்துவிட்டேன் என்று அவர் முறைப்பாடு செய்தார்.

இரவுச் சாப்பாட்டு நேரம் வந்தது. ஃபிராவ் ஹூபருக்கு ரவைக் கஞ்சியும் மசித்த அப்பிளும். கட்டிலை நிமிர்த்தி, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். கரண்டியைத் தூக்கினேன். உதடு மூடியது.

"சின்னவள் எங்கே?"

"இன்றைக்கு வரமாட்டாள், ஃபிராவ் ஹூபர்."

"சுகமில்லையா?"

பொய் சொல்வதா என்று யோசித்தேன். இந்த வேலையில் அன்பான பொய்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த அம்மாவுக்கு மூளையில் ஒரு குறையும் இல்லை, உதட்டில்தான். "நொஷாட்டலில் இருக்கிறாள். உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. அவள்தான் கோல் காப்பாளர்."

"அந்தக் கட்டைப் பிள்ளையா?"

"அவள்தான்."

"பிடிக்கிறாளா?"

"தெரியாது. என் தொலைபேசி அலுமாரிக்குள்."

"அப்போ போய்ப் பாருங்கள்" என்றார். "நான் சும்மா எப்படிச் சாப்பிடுவது?"

வாசலில் ஃபிராவ் கெல்லர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. என்னைப் பார்த்தார், கஞ்சியைப் பார்த்தார், ஃபிராவ் ஹூபரின் உதட்டைப் பார்த்தார். "தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். "சிகிச்சைக் காரணத்துக்காக."

அணியின் வாட்ஸ்அப் குழுவில் லேயா மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கிலிருந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் மேலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். "அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்."

"சின்னவளின் பிழையா?"

"இல்லை. எங்கள் பிள்ளைகள் வரிசையாக நின்ற தடுப்புச் சுவரில் பட்டுத் திசை திரும்பியது."

முதல் கரண்டி உள்ளே போனது. நான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன்.

"இடைவேளை. ரப்போர்ட் நடக்கிறது. அங்கிள் இல்லாததால் இரண்டு மடங்கு வேகம்." இதை நான் வாசித்திருக்க வேண்டியதில்லை. ஃபிராவ் ஹூபர் சிரித்தார், சிரித்த வாய் திறந்திருந்தது, இரண்டாவது கரண்டி. ஃபிராவ் கெல்லர் வாசலை விட்டு உள்ளே வந்து ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார். ஆர்த்தா தலையால் இடித்து ஒன்றுக்கு ஒன்று. அதற்கு இரண்டு கரண்டி. நிதுஷா காலால் தடுத்த ஒரு பந்து. அதற்கு அப்பிளும் சேர்த்து. அந்த அம்மா சாப்பிடச் சாப்பிட எனக்கு ஒன்று விளங்கியது. ஆர்த்தாவை முன்னால் விட்டது, பின்வரிசையை மாற்றியது எல்லாம் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்த முடிவுகள். நான் நின்றிருந்தால் அவற்றில் பாதியை வேண்டாம் என்றிருப்பேன். நன்றாகத்தான் பயிற்றுவித்திருக்கிறேன் என்று முதல் தடவையாக என்னைப் பற்றி நினைத்தேன். நான் இல்லாத இடத்தில் பார்த்தால்தான் அது தெரிகிறது. இப்போது விசிலை ஆர்த்தாவிடம் கொடுத்திருப்பதற்கும் காரணம் அந்த மாலைதான். உங்களுக்கும் சொல்கிறேன்: உங்களுடைய அணி என்று நீங்கள் சொல்லும் அணி, நீங்கள் இல்லாத ஒரு ஆட்டத்தையாவது ஆட வேண்டும்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பெனால்டி.

இதற்குள் செய்திகள் பழையவையாக இல்லை. அந்த நொடியில் வந்துகொண்டிருந்தன. நாங்கள் அடித்தோம், கோல். அவர்கள் அடித்தார்கள், கோல். எங்களுடைய ஒன்று கம்பத்தில். அவர்களுடைய ஒன்று வெளியே. அடுத்து எங்களுடைய கடைசி அடி, கோல். ஃபிராவ் கெல்லர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு என் காதில் பட்டது. கோப்பையில் ஒரே ஒரு கரண்டிக் கஞ்சி மிச்சம்.

"எங்களுக்கு நாலு, அவர்களுக்கு மூன்று" என்று வாசித்தேன். "அவர்களுடைய கடைசி அடி. நிதுஷா பிடித்தால் கிண்ணம்."

அடுத்த செய்தி: "நான் கண்ணை மூடப்போகிறேன்."

அதோடு லேயா நின்றுவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. பக்கத்து அறையில் யாரோ மணியை அழுத்தினார்கள். ஃபிராவ் கெல்லர் அசையவில்லை. அதை நான் அந்த மாடியில் முன்பும் பின்பும் கண்டதில்லை. ஃபிராவ் ஹூபர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கரண்டி நடுவழியில் நின்றது.

ஃபிராவ் கெல்லரின் சட்டைப்பையில் மாடியின் தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். "உங்களுக்கு. ஒரே சத்தம். யாருடைய சத்தம் என்று விளங்கவில்லை."

காதில் வைத்தேன். கூச்சல், விசில், யாரோ பிரெஞ்சில் கத்துவது. நடுவில் மூச்சிரைக்கும் குரல்.

"அங்கிள், ஃபிராவ் ஹூபர் சாப்பிட்டவவோ?"

"பிள்ளை, முதல் நீ சொல்லு, என்ன..."

"நீங்கள் முதல் சொல்லுங்கோ. சாப்பிட்டவவோ?"

"கடைசிக் கரண்டி நிக்குது. நீ என்ன செய்தனி எண்டு தெரிஞ்சால்தான் வாய் திறப்பாவாம்."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அப்ப சொல்லுங்கோ அங்கிள். பிடிச்சிட்டன் எண்டு. தட்டிவிடேல்லை. ரெண்டு கையாலயும் பிடிச்சனான்."

நான் திரும்பி, அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னேன். ஃபிராவ் கெல்லர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபிராவ் ஹூபர், கோலை ஏற்பதா மறுப்பதா என்று யோசிக்கும் மத்தியஸ்தர் போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

கஞ்சி ஆறிப்போயிருந்தது. அவர் குறை சொல்லவில்லை.